அஞ்சம்மா செத்துப்போன காலையில் சங்கரா என்ன விலை?

அஞ்சம்மா செத்துப்போன செய்தி வந்தபோது, அவள் என் வீட்டு வாசலில் குந்திக்கொண்டு சங்கரா மீனுக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு மீனை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். நல்ல சிவப்பு. செவுள் சிவப்பாக இருந்தால் வாங்குகிறவள் முகத்தைச் சுளிக்க வேண்டும். இல்லாவிட்டால் விலை இறங்காது. சுளித்தேன்.

"மூஞ்சிய அப்படி வச்சுக்காதீங்கக்கா. மீனு பயப்புடுது."

அந்த நேரம் பார்த்து அவள் இடுப்பில் செருகியிருந்த செல்போன் அடித்தது. அவள் கையெல்லாம் செதில். நான்தான் உருவி எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டுப் பிடித்தேன். பேசியது அவள் மருமகள், பட்டினச்சேரியிலிருந்து.

"அத்த, எங்க இருக்கீங்க?"

"குரும்பகரத்துல. லைன்மேன் வூட்டு வாசல்ல. ஏன்டி?"

"இங்க சங்கு ஊதிட்டாங்க அத்த. சுனாமி ஒத்திகையாம். இறால் கம்பெனியிலேந்து எங்க எல்லாரையும் நேரா பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிக்கிட்டு வந்துட்டாங்க. இப்ப நேரம் முடிஞ்சிபோச்சாம்."

"முடிஞ்சா முடியட்டும். அதுக்கு ஏன் கத்துற?"

"இல்லத்த... நீங்களும் மாமாவும் செத்துட்டீங்களாம்."

அஞ்சம்மா என்னைப் பார்த்தாள். நான் அஞ்சம்மாவைப் பார்த்தேன். கூடைக்கருகில் வந்து நின்ற பூனை மட்டும் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"யாருடி சொன்னது?"

"ஆபீஸ் மேடம்தான். சங்கு ஊதி நேரத்துக்குள்ள வராதவங்க எல்லாம் செத்த கணக்காம். கறுப்பு ரிப்பன் கட்டுறாங்க."

போனை வைத்தாயிற்று. பிறகு அஞ்சம்மா கூடையை என் பக்கம் நகர்த்தினாள்.

"ஏக்கா, செத்தவகிட்ட யாராவது பேரம் பேசுவாங்களா? சொன்ன விலைக்கு எடுத்துக்கிட்டு அனுப்பிவிடுங்க."

அவளிடம் வாங்கிவந்த அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அன்றுதான் அவள் சொன்ன விலைக்கு மீன் வாங்கினேன். உள்ளே போய்ச் சொன்னதும் என் வீட்டுக்காரர் பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார். மின்துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பத்தில் ஏறினால் பேசக்கூடாது என்று பழகிப் பழகி, தரையிலும் பேசாமல் போய்விட்டவர். "ஏமாந்துட்டே" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி பேப்பரைத் தூக்கிக்கொண்டார்.

காலையில் ஒரு ஊர், சாயங்காலம் ஒரு ஊர்

அஞ்சம்மாவுக்கு வீடு கடலை ஒட்டிப் பட்டினச்சேரியில். விடிவதற்குள் ஏலத்தில் மீன் எடுத்துவிடுவாள். செல்வம் என்கிற பையனின் லோடு ஆட்டோவில் இன்னும் சில பெண்களோடு ஏறுவாள். காரைக்காலில் ஒருத்தி, தலத்தெருவில் ஒருத்தி என்று இறங்கிக்கொண்டே வர, கடைசியாக எங்கள் ஊரில் இறங்குவாள். எங்கள் ஊரைச் சுற்றி வயல்தான். கடல் எங்களுக்கு அவள் கூடையில்தான் வரும்.

அவள் வீட்டுக்காரர் கலியமூர்த்தி. கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். சில வருஷங்களுக்கு முன் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. இப்போது கட்டில்தான்.

"வாய்க்கு ஒண்ணும் ஆவலக்கா" என்பாள் அஞ்சம்மா, அதில் அவளுக்குப் பெரிய மனக்குறை இருப்பதுபோல.

ஒத்திகைக்குக் கொஞ்ச நாள் முன்னால் கலெக்டர் ஆபீஸ் ஆட்கள் வீடு வீடாக வந்திருக்கிறார்கள். பேரிடர் வேலையைப் பார்க்கிற மேடமும் கூட வந்திருக்கிறார். சின்ன வயது, நல்ல சுறுசுறுப்பு. வீட்டில் எத்தனை பேர், நடக்க முடியாதவர் உண்டா, சங்கு ஊதினால் அவரைத் தூக்கிவர யார் என்று கேட்டிருக்கிறார்கள்.

அஞ்சம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "யாரும் வேணாம். நான் இருக்கேன்ல?" என்று சொல்லியிருக்கிறாள்.

அவர்களும் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

இதில் யாரைக் குறை சொல்வது? கேட்க வந்தது சாயங்காலம். அப்போது ஊரில் எல்லாரும் இருப்பார்கள். ஆண்கள் கரையேறி டீக்கடையில் இருப்பார்கள். பெண்கள் விற்றுவிட்டுக் கூடையைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். ஒத்திகை வைத்ததோ காலையில், அதுவும் நாளைச் சொல்லாமல். நிஜ அலை நாள் பார்த்தா வருகிறது என்று மேடம் கேட்டாராம். நியாயம்தான். ஆனால் காலையில் பட்டினச்சேரி வேறு ஊர். தூக்கக்கூடிய கைகள் பாதி கடலில், பாதி காரைக்கால் தெருக்களில். மேடமும் அதை யோசிக்கவில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்த அஞ்சம்மாவும் யோசிக்கவில்லை.

நேரம் முடிந்தபிறகு இரண்டு தொண்டர்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால், கலியமூர்த்தி கட்டிலில் படுத்தபடி ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"தாத்தா, கோச்சிக்காதீங்க. ரூல்ஸ் இது. ரிப்பன் கட்டணும்."

"கட்டுங்கடா. இந்தக் கையில கட்டாத, இதுல உணர்ச்சி இல்ல. செத்தது எனக்குத் தெரிய வேணாமா? அந்தக் கையில கட்டு."

கட்டிவிட்டுக் கிளம்பியவர்களைத் திரும்பக் கூப்பிட்டு, "காரியத்துக்கு எப்ப வர்றீங்க?" என்றும் விசாரித்திருக்கிறார்.

சொல்தா சொன்ன வழி

அடுத்த வாரம் முழுக்க எங்கள் தெருவில் இதே பேச்சு. அஞ்சம்மாவுக்கும் கொண்டாட்டம். விலை கேட்டால், "உசுரோட இருந்தப்ப ஒரு வெல, இப்ப ஒரு வெல" என்பாள். யாராவது பழைய பாக்கியை நினைத்துக்கொண்டு நழுவினால், "செத்தவ கனவுல வந்து கேப்பேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போவாள்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு சொல்தா வீடு உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்றுதான் சொல்வோம். அந்தப் பெரியவருக்கு இன்னமும் அங்கிருந்து பென்ஷன் வருகிறது. அதற்காக, தான் உயிரோடு இருப்பதாக வருஷா வருஷம் நிரூபிக்க வேண்டும். அன்றைக்கு மட்டும் கோட்டு போட்டுக்கொண்டு கிளம்புவார்.

அவரிடம் போய் அஞ்சம்மா கேட்டாள். "ஐயா, உசுரோட இருக்கேன்னு எப்புடிங்க காட்டுறது?"

பெரியவர் நிதானமாக யோசித்தார். "முதல்ல நேர்ல போவணும். அப்புறம் கையெழுத்துப் போடணும். முக்கியமா, போற வழியில செத்துடக் கூடாது."

எங்கள் மாவட்டத்தில் மட்டும்தான் இப்படி ஒரு கேள்விக்கு அனுபவத்தோடு பதில் சொல்ல ஆள் கிடைக்கும்.

பேரம் பேசாத அஞ்சம்மா

சிரிப்பெல்லாம் ஓய்ந்தது. பிறகுதான் அந்த மாற்றத்தைக் கவனித்தேன்.

அஞ்சம்மா பேரம் பேசுவதை விட்டுவிட்டாள். நான் பாதி விலைக்குக் கேட்டால், "எடுத்துக்குங்க" என்றாள். எதிர்வீட்டுக்காரி அதற்கும் கீழே கேட்டாள். அதற்கும் "எடுத்துக்குங்க." கூடை சீக்கிரம் காலியானால் போதும் என்று கொடுத்துவிட்டு, திரும்புகிற ஆட்டோவுக்குக் காத்திராமல் பஸ்ஸுக்கு ஓடினாள். வாங்கினவர்களுக்கே மனசு சரியில்லை. மலிவாகக் கிடைத்த மீன் குழம்பில் என்னவோ குறைந்தது.

ஒரு நாள் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "சொல்லாம போனா விட மாட்டேன். என்ன ஆச்சு உனக்கு?"

அவள் தெருவின் கிழக்குக் கோடியைப் பார்த்தாள். அங்கே ஒரு புளியமரத்தையும் ஒரு டிரான்ஸ்பார்மரையும் தவிர ஒன்றும் இல்லை.

"நான் இருக்கேன்னு சொன்னேன்க்கா, அந்த மேடத்துக்கிட்ட. நான் எங்க இருக்கேன்? உங்க வாசல்ல இருக்கேன்."

எனக்குச் சட்டென்று அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. அன்றும் அவள் எங்கள் தெருவில்தான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மீன் நன்றாகப் போகும். அதனால்தான் பிழைத்தாள். கலியமூர்த்தி கரையில் வலை பார்த்துக்கொண்டிருந்தவர், ஓடிப் பிழைத்தார். "ஓடுனேன் பாரு, கட்டியிருந்த வேட்டி எந்த ஊருக்குப் போச்சுன்னு இன்னைக்கும் தெரியல" என்று சிரிப்பார். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி அவர் பேசி யாரும் கேட்டதில்லை. பட்டினச்சேரியில் யாரும் பேசுவதில்லை.

"அன்னைக்கு அவருக்குக் கால் இருந்துச்சு. இப்ப சங்கு ஊதுனா சத்தத்தைக் கேட்டுக்கிட்டே கெடப்பாரு. அந்தப் பாவி மனுசன் யாரையும் கூப்பிடக்கூட மாட்டாரு. கேலி பேசிக்கிட்டே போயிருவாரு."

மேடமும் சும்மா இருக்கவில்லை. திரும்ப வந்து, இந்தத் தடவை காலையில் யார் யார் ஊரில் இருப்பார்கள் என்று விசாரித்திருக்கிறார். ஏலக் கொட்டகையில் சீட்டாடுகிற ஒரு கோஷ்டி எப்போதும் இருக்கும். படுத்திருப்பவர்களைத் தூக்கிவரும் பொறுப்பை அவர்களிடம் கொடுத்துவிட்டார். மற்ற வீடுகளில் சரி என்றார்கள். அஞ்சம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"கையில ஜோக்கர் இருந்தா எவன்க்கா எழுந்திரிப்பான்?"

மருமகள் இறால் கம்பெனிக்குப் போகிறவள். மகன் கடலில். வியாபாரத்தை விட்டுவிட்டு அஞ்சம்மா வீட்டோடு இருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் உலை வைப்பது இந்தக் கூடைதான்.

பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அவரையும் கூடையோட ஏத்திக்கிட்டு வந்துட வேண்டியதுதான?"

என் வீட்டுக்காரர் அந்த மாதத்தில் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

ஒரு மனுஷருக்கு நடந்த பேரம்

அஞ்சம்மா போய்ச் சொன்னதும் பதில் உடனே வந்தது. "கூடையோட கூடையா போறதுக்கு நான் என்ன திருக்கையா?"

சரி, இவரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பினேன். எத்தனை வருஷமாக அஞ்சம்மாவிடம் பேரம் பேசியிருக்கிறேன், அவள் புருஷனிடம் பேச முடியாதா? காலி கூடைகளோடு திரும்புகிற செல்வத்தின் ஆட்டோவில் நானே ஏறிக்கொண்டேன். இறங்கும்போது என் புடவைக்கும் கூடைக்கும் வாடையில் வித்தியாசம் இல்லை.

"பாத்துக்குங்கண்ணே, நானும் கூடையோடதான் வந்தேன். என்னை யாரும் திருக்கைன்னு சொல்லல."

"மொகத்துக்கு நேரா எப்புடி சொல்லுவாங்க தங்கச்சி?"

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தேன்.

"தினமும் வாங்க."

"ஊர்ல என்ன பேசுவாங்க? வாரத்துல ஒரு நாள் வர்றேன்."

"ஒரு நாளா? கூடை ஏறுற நாளெல்லாம் வரணும்."

"ரெண்டு நாள். அதுக்கு மேல கட்டாது."

நான் எழுந்துவிட்டேன். பேரத்தில் இதுதான் முக்கியமான இடம். எழுந்து நாலடி நடக்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. வாசற்படி வரை போய்விட்டேன். கூப்பிடாமல் விட்டுவிடுவாரோ என்று செருப்பை நிதானமாகத் தேடி மாட்டினேன். சமையல்கட்டில் அஞ்சம்மா பாத்திரத்தைக் கழுவுவதை நிறுத்திவிட்டு நின்றாள்.

"தங்கச்சி... இங்க வா."

திரும்பினேன்.

"நான் ஒண்ணும் பாரமா வந்து படுத்திருக்க மாட்டேன். வேல குடுத்தா வர்றேன். நாற்காலியப் போடு, மீன நான் விக்கிறேன்."

சமையல்கட்டிலிருந்து தட்டு ஒன்று கீழே விழுந்தது.

"ஆம்பள மீன் விக்கிறதா? நீ புடிச்சதோட சரி. உனக்கு வெல தெரியுமா?"

"மீனத் தெரியும்ல?"

அந்த இடத்தில் பேரம் படிந்தது.

பேசக் கூடாதவர்

மறுவாரத்திலிருந்து எங்கள் வாசல் வேப்பமர நிழலில் ஒரு கைவைத்த நாற்காலி. செல்வமும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி அவரை இறக்குவார்கள். பக்கத்தில் ஒரு கூடையை வைத்துவிட்டு, இன்னொன்றைத் தலையில் ஏற்றிக்கொண்டு அஞ்சம்மா மற்ற தெருக்களுக்குப் போவாள்.

வியாபாரம் எப்படி நடந்தது என்று கேட்கிறீர்களா?

எதிர்வீட்டுக்காரி ஒரு பாரையைத் தொட்டாள். "அது நேத்து மீனு. வாங்காதீங்க" என்றார் கலியமூர்த்தி.

சொல்தா பெரியவர் மத்தியைக் காட்டிக் கேட்டார். அவருக்குக் கிடைத்த பதில்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா இப்ப முள்ளு ஜாஸ்தி. உங்க பல்லுக்கு வேணாம்."

அன்றைக்குப் பெரிய வஞ்சிரம் ஒன்று வந்திருந்தது. அதை யாருக்கும் கொடுக்க மனசில்லை அவருக்கு. "பாத்தீங்களா முதுகு எப்படி மின்னுதுன்னு? இத வாங்கி என்ன பண்ணப் போறீங்க? புளியில போட்டுக் கொல்லத்தானே" என்று சொல்லிவிட்டு, கூடையின் மேல் துண்டைப் போட்டு மூடினார்.

அஞ்சம்மா திரும்பி வந்தபோது கூடையில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

"யோவ், உன்ன சுனாமி தூக்குதோ இல்லியோ, நானே ஒரு நாள் தூக்கிப் போட்டுருவேன்!"

ஆனால் பாருங்கள், அவள் மறுபடி சண்டை போட ஆரம்பித்துவிட்டாள். என்னிடம் அன்று பழைய மாதிரி விலை சொன்னாள். நான் முகத்தைச் சுளித்தேன். "மூஞ்சிய அப்படி வச்சுக்காதீங்கக்கா" என்றாள். இரண்டு மீனைக் கூடுதலாக அள்ளினேன். கையில் அடித்துப் பிடுங்கி வைத்தாள். அன்றைக்குக் குழம்பு சரியாக இருந்தது.

போகப் போகத் தெருவும் பழகிக்கொண்டது. கலியமூர்த்தி வேண்டாம் என்று சொல்லாத மீன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள். அஞ்சம்மாவுக்கும் வேறு வழியில்லாமல் நேற்று மீனைக் கொண்டுவருவது நின்றுபோனது.

எந்த நிறம்?

ஆடியில் மறுபடி ஒத்திகை வைத்தார்கள். இந்தத் தடவையும் நாளைச் சொல்லவில்லை, இந்தத் தடவையும் காலையில்தான். சீட்டாட்டக் கோஷ்டி சங்கு சத்தம் கேட்டதும் சீட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்து ஓடியதாம். ஒருத்தன் கையில் ஜோக்கர் இருந்ததாகவும் கேள்வி. அஞ்சம்மா இதை நம்ப மறுக்கிறாள்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. மேடமே பேசினார்.

"உங்க வீட்டுல ஆளே இல்லையே. உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?"

"குரும்பகரத்துல மேடம். எனக்குப் பக்கத்துல."

"எப்ப கிளம்பினாரு?"

"விடியக்காலையில."

"அப்ப சங்கு ஊதுறதுக்கு முன்னாடியே வெளியேறிட்டாரா?"

கலியமூர்த்தி எட்டிப் போனை வாங்கிக்கொண்டார். "மேடம், போன தடவ கறுப்பு குடுத்தீங்க. தப்பிச்சவங்களுக்கு என்ன நெறம்?"

"பச்சைங்க. ஆனா நீங்க அங்க இல்லவே இல்லையே. கணக்குல எப்படிச் சேர்க்கிறது?"

"அங்க இல்லாததாலதான மேடம் தப்பிச்சேன்?"

அந்தப் பக்கம் மேடம் சிரிக்கிற சத்தம் கேட்டது. மறுநாள் செல்வம் இறங்கியதும் முதல் வேலையாகச் சட்டைப் பையிலிருந்து மேடம் கொடுத்தனுப்பிய பச்சை ரிப்பன் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். கலியமூர்த்தி அதைக் கையில் கட்டிக்கொள்ளவில்லை. தராசின் கொக்கியில் கட்டச் சொன்னார். இன்னமும் அங்கேதான் தொங்குகிறது, வெளுத்துப்போய், செதில் ஒட்டிக்கொண்டு.

கூடை வராத மாதம்

புரட்டாசி நெருங்க நெருங்க எனக்கு உள்ளுக்குள் ஒரு சங்கடம்.

எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுக்க மீன் கிடையாது. தெருவிலும் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் அப்படித்தான். வருஷா வருஷம் அஞ்சம்மா எங்கள் ஊருக்கு அந்த மாதம் வரமாட்டாள். காரைக்காலோடு, முஸ்லிம் தெருக்களோடு நிறுத்திக்கொள்வாள். கூடைக்காகத்தானே இத்தனை தூரம் வருகிறாள்? கூடையே வேண்டாத மாதத்தில் என்ன சொல்லி வரச் சொல்வது? அவளும் என்ன சொல்லி வருவாள்?

ஆவணிக் கடைசி நாளில் இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை. "நாளையிலேந்து புரட்டாசிக்கா" என்றாள். "ஆமா" என்றேன். கலியமூர்த்தி அன்று ஒரு கேலியும் பேசவில்லை. ஆட்டோவில் ஏற்றும்போது, "நாற்காலிய உள்ள எடுத்து வச்சுரு லைன்மேன், மழையில நனையும்" என்றார். வானத்தில் மேகமே இல்லை.

என் வீட்டுக்காரர் நாற்காலியை எடுத்து வைக்கவில்லை.

மறுநாள் காலை. குளித்து, விளக்கேற்றி, நெற்றியில் நாமத்தோடு அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பேப்பர் கையில் இருந்தது, பிரிக்கவில்லை. எனக்குச் சமையல்கட்டில் கை ஓடவில்லை.

தெருமுனையில் லோடு ஆட்டோவின் ஹாரன் கேட்டது.

ஓடி வந்து பார்த்தேன். வண்டியில் கூடையே இல்லை. கூடைகளையெல்லாம் காரைக்காலிலேயே இறக்கி, கூட வந்த பெண்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கலியமூர்த்தியை மட்டும் கொண்டுவர இத்தனை தூரம் வந்திருக்கிறாள் அஞ்சம்மா. பின்னால் நின்றபடி, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"அக்கா! இது சைவம்தான்! தைரியமா எறக்கிக்குங்க!"

செல்வமும் என் வீட்டுக்காரரும் தாங்கி இறக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். வண்டி திரும்பிக் காரைக்கால் பக்கம் போய்விட்டது. நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கலியமூர்த்தியை மேலும் கீழும் பார்த்து, முகத்தைச் சுளித்தேன்.

"என்னண்ணே, சரக்கு எப்படி?"

அவர் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"நேத்து மீனுதான் தங்கச்சி. ஆனா இன்னும் கெட்டுப்போவல."